இரவல் கறை

இருபத்து நான்கு துணி டயபர்.
மேல்மாடி மாரிசெல் ஊருக்குப் போகும்போது
காலி அரிசிப் பையில் போட்டுக் கொடுத்தாள்.
துவைச்சதுதான், என்றாள்.
துவைத்ததுதான்.
இருந்தாலும் யானைப் படம் போட்ட ஒன்றில்
அவள் பையன் விட்டுப்போன மஞ்சள்
எந்த சோப்புக்கும் எழுந்திருக்கவில்லை.

ஷார்ஜா, அபு ஷகாரா. ஜூலை.
பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால்
கை வேகிறது.
மொட்டைமாடித் தொட்டிக்குப் பகலெல்லாம்
வெயில்தான் விறகு.
ஹீட்டரை அணைத்து வைத்து
அதன் வயிற்றில் கிடப்பதைத்தான்
குளிர்ந்த நீர் என்று எடுத்துக்கொள்கிறோம்.
சூடு பட்டால் கறை துணியோடு வெந்துவிடும் என்று
பெனிட்டா சொல்லியிருக்கிறாள்.
அவள் நர்ஸ். சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.
ஆகவே அந்த நாற்பது லிட்டரும்
முதலில் எஸ்ராவின் துணிக்கு,
மிஞ்சினால் எனக்கு.

காலை ஆறுக்கு அவள் கிளினிக் வண்டி வந்துவிடும்.
ஜெபல் அலியில் பெயின்ட் பூச்சில்
குறை கண்டுபிடிக்கிற என் வேலை
ஏப்ரலோடு முடிந்தது.
இப்போது என் பெயர் அவள் விசாவில் தொங்குகிறது,
கிளிப் மாட்டிய துணி மாதிரி.

கையில் ஷத்தாஃப்.
எந்தச் சாய்வில் பீய்ச்ச வேண்டும் என்று
யாரும் சொல்லித் தரவில்லை.
முதல் நாள் சுவர்.
மறுநாள் பல்துலக்கி.
அதற்கடுத்து என் மூக்குக்கண்ணாடி.
ராத்திரி முழுக்க மூடிக்கிடந்த வாளியைத் திறந்தால்
மூத்திரம் முதலில் கண்ணுக்குத்தான் மணக்கிறது,
மூக்குக்கு அப்புறம்.
கேரட் ஊட்டினோம்.
கேரட்டாகவே வந்தது.
டார்ச் அடித்துப் பார்க்கிற பழக்கம் மட்டும்
இன்னும் போகவில்லை:
தொடை மடிப்பில் கசிவு, ஓரத்தில் திட்டு,
தேறாது, மறுபடி துவை.

ஒருமுறை டைப்பிங் சென்டரில்
என் டோக்கன் எண் ஒளிர்ந்த அதே நொடி
எலாஸ்டிக் தளர்ந்து
அவன் தொடை வழியாக என் சட்டைக்கும்
சட்டைப்பையில் இருந்த ஒரே
பாஸ்போர்ட் போட்டோவுக்கும் இறங்கியது.
கவுண்டர்ப் பெண் மூக்கைப் பொத்தவில்லை.
டிஷ்யூ பெட்டியை முழுதாக நகர்த்திவிட்டு
வேற போட்டோ கொண்டு வாங்க, என்றாள்.
கொண்டுபோன போட்டோவில்
நான் இன்னும் கொஞ்சம் மெலிந்திருந்தேன்.

பால்கனியில் துணி உலர்த்தக் கூடாதென்று
லிஃப்டில் நாலு மொழியில் ஒட்டியிருக்கிறது.
அதில் தமிழ் இல்லை.
அதையே ஒரு வாதமாக வைத்திருந்தேன்.
இருபதே நிமிடம்,
அப்பளமாக விறைத்துவிடும்.
எடுத்துக் கசக்கி மெதுவாக்கினால் உடுத்தலாம்.

அன்று மத்தியானம் தூசிக்காற்று.
வெளியே ஓடுவதற்குள் நான்கில் மூன்றைத்தான் பிடித்தேன்.
யானை பறந்தது.
எதிர்க் கஃபெட்டேரியாவின் தகரப் பந்தலில்
மல்லாந்து கிடந்ததை
ஆறாவது மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
கீழே போய்க் கேட்க வெட்கம்.
ஆம்பளை என்பதாலா, வேலையில்லை என்பதாலா,
தெரியவில்லை.

ராத்திரி வாட்ச்மேன் ஷொஃபிக்குல் மணி அடித்தார்.
கையில் அது, நான்காக மடித்து.
அபராதம் பற்றிப் பேசவில்லை.
சிட்டகாங்கில் அவர் மகளுக்கு மூன்று வயது,
அவருக்கு அவள் மூன்று வயதும் போனுக்குள்தான்.
துணியை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து,
கறை போகலியே பாய், என்றார்.

அது என் பையனோடது இல்லை,
என்றேன் சட்டென்று,
எதற்கோ சாட்சி சொல்வது போல.

பின்னே யாரோடது?

மேல்மாடிப் பையன்.
இப்ப இலோய்லோவில் நடக்கிறானாம்.

அவர் தலையாட்டினார்,
கேட்டது போதும் என்பதுபோல்.

உள்ளே எஸ்ரா அழுதான்.
காய்ந்தது வேறெதுவும் இல்லை.
தூசியை உதறி அதையே கட்டினேன்.
இரண்டாவது பட்டன் போடுவதற்குள்
விரலுக்கடியில் வெதுவெதுப்பாக
நனைந்துகொண்டிருந்தது யானை.